பதினோரு இடத்தில் அளந்த தெரு

இரும்புலியூர் நிறுத்தத்தில் இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு முதுகைக் காட்டி நடந்தால் மூன்றாவதாக வருவது ஏரிக்கரைத் தெரு. 2005 முதல் மூன்று வருஷம் அந்தத் தெருவில் ஒன்பதாம் எண் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரர் ஏசுதாசனும் அவர் மனைவி ரத்தினபாயும் இருந்தார்கள். இருவருக்கும் பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். அவர் ரயில்வேயில் டிராப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாள் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். தெருவில் எல்லோருக்கும் டீச்சர். ஒரே மகள் ஹெப்சி கல்யாணமாகி பரோடாவில் இருந்தாள். என் குடும்பம் ஊரில் இருந்தது. எனக்கு மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை, இரண்டாவது ஷிப்ட். அதனால் காலை நேரமெல்லாம் வீட்டில்தான் இருப்பேன். இங்கே எழுதுவது பெரும்பாலும் காலையில் பார்த்ததும் கேட்டதும்.

ஒன்பது மணிக்குக் கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் வழியாக வரும் பஸ்ஸில் பச்சையம்மா வந்து இறங்குவாள். கோவளம் குப்பத்துக்காரி. தலையில் அலுமினிய அன்னக்கூடை, இடுப்பில் அரிவாள்மனை. எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு பூவரச மரம், அதன் அடியில் மழைநீர்க் கால்வாயை மூடிய சிமெண்ட் ஸ்லாப். அந்த ஸ்லாப்தான் அவள் கடை. அவள் உட்காரும் முன்பே மூன்று பூனைகள் வந்து வரிசையில் இருக்கும். உள்ளே கிரில் கம்பிக்குப் பின்னால் டீச்சரும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"டீச்சரம்மா, இன்னிக்கு மத்தி கீது. உங்க ஊரு சாளை."

"கண்ணு செவந்திருக்கே, பச்ச."

"எனக்குந்தான் செவந்துகீது. மூணு மணிக்கு எழுந்து வந்தா வெள்ளையாவா இருக்கும்? என்னையும் வாணான்னு சொல்லிடு."

"ஒன்ன ஆரு கொழம்பு வைக்கப் போறா?"

"நீ வெச்சாலும் வெப்ப. தேங்காய அரைச்சு ஊத்தி மீனைப் பாயசம் பண்றவதான நீ. எங்க வூட்ல இந்தக் கொழம்ப வெச்சா சட்டியோட தெருவுக்கு வந்துரும்."

"ஒரு நாளு சாப்பிட்டுட்டுப் பேசு."

"அந்த தைரியம் மட்டும் எனக்கு வரல டீச்சரம்மா."

இந்தப் பேச்சு ஒரு வார்த்தைகூட மாறாமல் வாரத்தில் நான்கு நாளாவது நடக்கும். இருவருக்கும் அலுத்ததாகத் தெரியவில்லை.

2004 அக்டோபரில், இதே தெருவில், பின்பக்கமாக வந்த ஒரு தண்ணீர் டேங்கர் டீச்சரை இடித்துத் தள்ளியது. இடுப்பெலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்தார்கள். எட்டு மாதம் படுக்கை, பிறகு வாக்கர். நடக்க நடக்கத்தான் சரியாகும் என்று டாக்டர் சொன்னார். வீட்டு வாசலோ தெருவிலிருந்து ஒன்றரை அடி உயரம், மூன்று படிகள். ஏசுதாசன் தானே வரைபடம் போட்டு, படிகளை இடித்துவிட்டு, வாக்கர் இறங்குகிற சாய்மானத்தில் சிமெண்டுச் சரிவு ஒன்று கட்டினார். கேட்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் இரண்டரை அடிதான் இடம் என்பதால் சரிவு தெருவுக்குள் மூன்றடி இரண்டங்குலம் நீண்டிருந்தது.

பத்தேகால் மணிக்குக் கூடை காலியாகும். பச்சையம்மா கையைக் கழுவிப் புடவையில் துடைத்துக்கொண்டு தெரு நடுவில் போய் நிற்பாள். டீச்சர் சரிவில் இறங்குவார். வாக்கரை எடுத்து வைப்பார், பிறகு ஒரு காலை, பிறகு மற்றதை. அந்த நேரத்தில் தெருவில் எந்த வண்டி வந்தாலும் பச்சையம்மாவைத் தாண்டிப் போக முடியாது.

"நில்லுடா. இன்னா அவசரம்? வண்டில பிரசவக் கேஸா வெச்சிகினு போற? டீச்சரம்மா நடக்குது, தெரியல?"

ஆட்டோக்காரர்கள் முணுமுணுப்பார்கள். டேங்கர்காரர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்ற வைப்பார்கள். ஒரு பக்கம் ஸ்லாப்பும் மரமும், இன்னொரு பக்கம் எதிர்வீட்டுப் படிகளும் இருந்ததால் யாரும் ஒதுங்கிப் போய்விடவும் வழியில்லை.

முதல் மாதம் பக்கத்து வீட்டுக் கேட் வரை. 2006 ஏப்ரலில் டிரான்ஸ்பார்மர் வரை போய்த் திரும்பினார். போக மட்டும் எழுபத்திரண்டு எட்டு வைத்தார். ஏசுதாசன் கேட்டுக்குள் நின்று எண்ணி, காலண்டர் தாளில் குறித்துக்கொள்வார். தெருமுனையில் அவர்களுடைய தேவாலயம், அதை அவர்கள் கோயில் என்றுதான் சொல்வார்கள். அது வீட்டிலிருந்து நூற்றுத் தொண்ணூறு எட்டு இருக்கும் என்று அவருடைய கணக்கு.

"கிறிஸ்மஸுக்குக் கோயிலுக்கு நடந்தே வருவேன், பாத்துக்கிடுங்க. ஆட்டோ கூப்பிடாண்டாம்" என்றார் டீச்சர்.

"நா வந்து நிப்பாட்டறேன், எவன் வரான்னு பாத்துர்றேன்" என்றாள் பச்சையம்மா. "உங்க சாமிக்கு மீனு புடிக்குமா?"

"அவருக்கக் கூட்டாளியெல்லாம் மீன்காரங்கதான்."

"அப்ப நம்ம ஆளுதான்."

அந்த மே மாதம் தெருவின் கோடியில், பூட்டிக் கிடந்த ஓட்டுக் கம்பெனி வாசலில் பெரிய போர்டு வைத்தார்கள். நான்கு பிளாக், நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். போர்டில் நீச்சல் குளத்தின் படம் இருந்தது. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் மூன்று நாளுக்கு ஒரு முறை.

தெரு நலச் சங்கச் செயலாளர் சுந்தரராமன் தன் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குக் கூட்டம் போட்டார். பில்டரின் இன்ஜினியர் மோகன்ராஜ் தானாகவே வந்திருந்தான். முப்பது வயது இருக்கும். எல்லோருக்கும் எழுந்து எழுந்து வணக்கம் சொன்னான்.

"சார், என்னை உங்க வீட்டுப் பையனா நெனச்சுக்குங்க. நூத்திப் பன்னெண்டு ஃபேமிலி வராங்கன்னா உங்க தெருவுக்குத் தார் ரோடு வரும், லைட் வரும், உங்க எடத்துக்கு ரேட் ஏறும். கெடுதல் என்ன சார்?"

"கெடுதலா? நான் சொல்றேன்" என்றார் சுந்தரராமன். "ஆத்துக்கு ஒரு கார்னு வச்சுண்டாலும் நூத்திப் பன்னெண்டு கார். அப்புறம் ஸ்கூல் வேன், டேங்கர், காஸ் வண்டி. எல்லாம் இந்தச் சந்துல போய் ஜி.எஸ்.டி.ல ஏறணும். குழந்தைகள் சைக்கிள் ஓட்டறதா வேண்டாமா?"

மளிகைக்கடை சம்பத்துக்கு மனசு இரண்டு பக்கமும் இருந்தது. "எனக்கு யாவாரம் வரும் சார், பொய் சொல்லக் கூடாது. ஆனா கல்லாவ விட்டு எறங்கி வூட்டுக்குப் போறதுக்குள்ள அடிபட்டுச் செத்தா அந்த யாவாரத்த யாரு பாக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். சுந்தரராமன் சிரிக்கவில்லை. "டீச்சருக்கு ஆனது நாளைக்கு யாருக்கும் ஆகலாம். ரோடு அகலம் போதலேன்னா பர்மிஷன் கெடைக்காதுன்னு விசாரிச்சுண்டு வந்திருக்கேன்" என்றார். கூட்டம் முழுதும் ஏசுதாசன் பக்கம் திரும்பியது.

அவர் எழுந்து நின்றார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். "வாயால சொன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான். அளந்து எழுதணும். நான் எழுதுதேன்" என்றார்.

அவரிடம் ரயில்வே காலத்து எஃகு டேப் ஒன்று இருந்தது. எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்திருப்பார். மறுநாள் விடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். பூஜ்யம் இருக்கிற முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவர். தெருவில் பதினோரு இடங்கள், ஒவ்வொரு இடத்திலும் மூன்று தடவை, பிறகு சராசரி. என்ன அளவு, எதனால் குறுகியிருக்கிறது, அது யாருடையது, எத்தனை அடி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நான்கு கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதினார். எதிர்வீட்டுப் படி, சம்பத் கடைக் கொட்டகை, சுந்தரராமன் வீட்டுத் துளசிமாடம், ஒன்றையும் விடவில்லை. ஸ்லாப்பை மட்டும் இரண்டு வேளை அளந்தார். ஆள் இல்லாதபோது நான்கடி இரண்டங்குலம். ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு என்று பார்க்க ஒன்பது மணிவரை காத்திருந்தோம்.

"இன்னா சார், எனக்கு ஜாக்கெட்டு தைக்கப் போறியா?" என்றாள் பச்சையம்மா.

"அசையாம இரு. கூடைய எப்பவும் வைக்கிற எடத்துல வை."

"ஐயோ, போட்டோக்குக்கூட இப்டி ஒக்காந்ததில்ல." கூடையை ஒரு சாண் தள்ளி, டேப் நேராகப் போக அவளே வழிவிட்டாள். "சரியா எழுது சார். அந்த கட்டடம் வரவே கூடாது. வந்தா டீச்சரம்மாவ எங்க நடத்தறது?"

ஐந்தடி என்று எழுதினார். அடுத்தது, இன்னும் மர நிழல் விலகாத எங்கள் வாசல். டீச்சர் கிரிலுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"நம்ம சரிவ எதுக்கு அளக்குதிய?"

"நம்ம வீட்ட விட்டுட்டு எழுதினா மனுவுக்கு என்ன மதிப்பு?"

"பச்சைக்க ஸ்லாப்பையாவது விடுங்க. அவ பாவம்."

"பாவம் புண்ணியத்துக்கு இதுல கட்டமில்ல, ரெத்னம். அளவுன்னா அளவுதான்."

டீச்சர் கிரில் வழியாக அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு, "எழுதினதுக்கு அப்புறம் ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க" என்றார். அவர் வாசித்துக் காட்டினாரா என்று எனக்குத் தெரியாது.

பேரூராட்சிக்கு எழுதிய மனு மூன்று பக்கம். இணைப்பு ஒன்றில், ஐந்து நாள் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை தெருவில் போன வண்டிகளின் எண்ணிக்கை. இணைப்பு இரண்டில் பதினோரு அளவுகள். கடைசியில் ஒரு வரி: 'சர்வே வரைபடப்படி இத்தெருவின் அகலம் முப்பது அடி, மேற்கண்ட பதினோரு தடைகளால் நடப்பில் பத்தொன்பதடி நான்கங்குலம் வரை குறைந்துள்ளது.' எண்பத்தாறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவரும் இணைப்பைப் புரட்டவில்லை. சுந்தரராமன் மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிரமாதம் சார். இத யாராலயும் அசைக்க முடியாது" என்றார்.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. யாராலும் அசைக்க முடியவில்லை.

செப்டம்பர் கடைசியில் பதிவுத் தபாலில் பதில் வந்தது. ஏசுதாசன் கேட்டருகே நின்றபடி படித்தார். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். 'தங்கள் மனுவின் இணைப்பு இரண்டில் கண்டுள்ள பதினோரு ஆக்கிரமிப்புகளும் நேரில் ஆய்வு செய்யப்பட்டு சரியெனக் காணப்பட்டது. பொதுமக்கள் பாதுகாப்பு கருதி அவற்றை அகற்ற உத்தரவிடப்பட்டுள்ளது. சாலை முப்பது அடியாக மீட்கப்பட்ட பின் கட்டட அனுமதி குறித்துப் பரிசீலிக்கப்படும்.' தடை என்று அவர் எழுதியிருந்தார். அவர்கள் ஆக்கிரமிப்பு என்று எழுதியிருந்தார்கள். மற்றபடி எல்லாம் அவருடைய எண்கள்தான்.

மறுபடி ஒரு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது முறை படித்தார். உள்ளேயிருந்து டீச்சர், "என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார்.

"அளவெல்லாம் சரின்னு எழுதியிருக்கான்" என்றார்.

அக்டோபர் பதினொன்றாம் தேதி காலை, தூறலில், ஜே.சி.பி. வந்தது. பேரூராட்சி ஆட்கள் நான்கு பேர். கூட மோகன்ராஜ், இணைப்பு இரண்டின் ஜெராக்ஸ் நனையாமலிருக்க அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துப் பிடித்திருந்தான். அதைப் பார்த்து வரிசைப்படி இடம் சொன்னான். ஒன்று, எதிர்வீட்டுப் படி. நான்கு, கடைக் கொட்டகை. ஐந்து, துளசிமாடம். சுந்தரராமன் மாமி மாடத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆறு, ஸ்லாப். மரம் ஸ்லாப்போடு சேர்ந்தது என்றார்கள்.

பச்சையம்மா அப்போதுதான் பஸ்ஸிலிருந்து வந்தாள். கூடையை இறக்காமல் நின்று பார்த்தாள். ஒரு கிளை முறிந்து காலடியில் விழுந்தபோது, "பூனைங்க கீதுடா, பாத்து எடு" என்று மட்டும் சொன்னாள்.

ஏழாவது எங்கள் வாசல். ஜே.சி.பி. இரண்டு முறை இடித்ததும் சரிவு பெயர்ந்து வந்தது. மோகன்ராஜ் ஏசுதாசனிடம் வந்து குடையை அவர் தலைக்குமேல் பிடித்தான். கேலியெல்லாம் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னான்: "சார், உங்க அளவுல ஒரு இஞ்ச்கூட வித்தியாசம் இல்ல சார். எங்க சர்வேயர் செக் பண்ணிட்டு ஆச்சரியப்பட்டார்."

"எஃகு டேப்பு. வெயில்ல நீளும். அதான் வெயிலுக்கு முன்னாடி அளந்தேன்" என்றார் ஏசுதாசன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது போலிருந்தது. உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் சுந்தரராமன் கேட்டுக்கு வெளியே நின்று பேசினார். "உங்கள ஒண்ணு கேக்கணும் சார். எங்காத்து மாடத்த எழுதினேள், சரி. உங்க சம்சாரத்துக்குக் கட்டினதையும் நீங்களே எழுதிக் குடுப்பேளா? நீங்க என்ன மனுஷன்?"

ஏசுதாசன் கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டார். அதற்குப் பிறகு தெருவில் அவரோடு யாரும் பேசவில்லை. சம்பத் சாமானைப் பொட்டலம் கட்டி முகத்தைப் பார்க்காமல் நீட்டுவான்.

பச்சையம்மாவுக்குக் கோபம் இல்லை. "எழுதுனா இப்டி ஆவும்னு சாருக்கு இன்னா தெரியும்? நா பஸ் ஸ்டாப்பாண்ட குந்திக்கிறேன். அங்க ஆளு ஜாஸ்தி" என்றாள். வியாபாரம் முடிந்ததும் வந்து டீச்சரை நடத்துவதாகச் சொன்னாள். வாசலில் நானும் ஏசுதாசனும் பிடித்துத்தான் டீச்சரை இறக்க வேண்டும். ஒன்றரை அடி. "பெட்டி எறக்குத மாரி எறக்குதிய" என்றார். முகம் கோணினாலும் இறங்கினார்.

அதற்குள் தார் போட்டிருந்தார்கள். முப்பது அடி ரோடு, குறுக்கே ஒன்றும் இல்லை. அனுமதி கிடைத்துவிட்ட கட்டடத்துக்குச் சல்லி ஏற்றிய லாரிகள் ஏரிப்பக்கமிருந்து வேகமாக வந்தன. மூன்றாவது நாள் பச்சையம்மா வழக்கம்போல நடுவில் நின்று கையைக் காட்டினாள். லாரிக்காரன் ஹாரன் அடித்தானே தவிர நிறுத்தவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு போக இப்போது இடம் இருந்தது. கடைசி நொடியில் அவள் குதித்து விலகினாள். காலிக்கூடை லாரியில் அடிபட்டு, உருண்டு, டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் போய் மோதியது.

டீச்சர் வாக்கரைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார். பச்சையம்மா நசுங்கிய கூடையை எடுத்து வந்து, "ஒண்ணும் இல்ல டீச்சரம்மா, தட்டினா நிமிந்துக்கும்" என்றாள்.

"நீ இனிம வராத, பச்ச."

"இன்னா டீச்சரம்மா?"

"வராதன்னா வராத. எனக்கு ஒரு கால் போனது போதும்." குரலைத் தணித்துக்கொண்டு, "சார் உள்பக்கமா ஒரு சரிவு கட்டுதாவ. கட்டினதும் வேற நேரத்துல நானே நடப்பேன். நீ பொழப்பப் பாரு" என்றார்.

ஏசுதாசன் உள்பக்கச் சரிவுக்கு ஏழு வரைபடம் போட்டார். நானே பார்த்தேன். இரண்டரை அடி நீளத்தில் ஒன்றரை அடி இறக்கம் எப்படிப் போட்டாலும் வாக்கர் நிற்காது. சுவரை இடித்து முன்னறைக்குள் கொண்டு போனால் மழைத் தண்ணீர் உள்ளே வரும். எட்டாவது போடவில்லை.

நவம்பர் வரை காலையில் கீழே கூடத்தில் வாக்கர் தட்டும் சத்தம் எனக்குக் கேட்கும். கூடம் பதினோரு அடி. நான்கைந்து தட்டு, திரும்ப ஒரு இழுப்பு, மறுபடி நான்கைந்து. டிசம்பரில் சத்தம் குறைந்து, பிறகு இல்லாமலானது. கிறிஸ்மஸ் அன்று ஏசுதாசன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தனியாகக் கோயிலுக்குப் போனார். நடந்துதான் போனார். ஆட்டோ வைத்துக் கூட்டிப் போகட்டுமா என்று அவர் கேட்டதற்கு டீச்சர், "நடந்து வருவேன்னுதான் சொன்னேன்" என்று சொன்னது மாடிவரை கேட்டது. ஹெப்சி போனில் பரோடாவுக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சர் அதற்கும் பிடி கொடுக்கவில்லை. அந்த மாத வாடகை கொடுக்கப் போனபோது டீச்சர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வாக்கர் ஜன்னலோரம் இருந்தது. அதன்மேல் இரண்டு துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

பிப்ரவரியில் ஒரு நாள், பதினொன்றரை மணிக்கு, மெப்ஸ் பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நின்றிருந்தேன். நிழற்குடைக்குப் பின்னால் பச்சையம்மா. ஒரு பக்கம் நசுங்கி நிமிர்த்திய அதே கூடை. ஜி.எஸ்.டி. ரோட்டின் இரைச்சலில் கத்திப் பேசிக்கொண்டிருந்தாள். ஏசுதாசன் எவர்சில்வர் தூக்குடன் வந்தார். நான் நிற்பதை அவர் பார்க்கவில்லை.

"வா சார். எத்தினி நாளாச்சு! டீச்சரம்மா எப்டி கீது?"

"இருக்கா."

"மத்தி கீது. கண்ணப் பாத்துக்கோ, வெள்ளையா கீது. இல்லாட்டி டீச்சரம்மா என்னிய உண்டு இல்லன்னு பண்ணிரும்." மீனை எண்ணித் தூக்கில் போட்டுக்கொண்டே கேட்டாள். "சரிவு கட்டிட்டியா?"

ஏசுதாசன் தூக்கின் வாயைப் பார்த்தார். "கட்டியாச்சு" என்றார்.

"உள்பக்கமாவா?"

"உள்பக்கமா."

"அப்ப நடக்குது?"

"நடக்கா."

"எம்மாந்தூரம்?"

"டிரான்ஸ்பார்மர் வரைக்கும். எழுபத்திரண்டு எட்டு."

"பாத்தியா! நா சொல்லல? லாரி வராத நேரமாப் பாத்துப் போவுதா?"

"காலம்பற. வெயிலுக்கு முன்னாடி."

பச்சையம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. கூடையில் கை விட்டு இன்னும் ஒரு பிடி மீன் அள்ளிப் போட்டாள். "இது என் கணக்கு. பச்ச குடுத்தான்னு சொல்லு. அந்தப் பாயசத்தையே வெச்சுக்கினு துன்னட்டும், நா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சொல்லுதேன்" என்றார்.

தூக்கை மூடி, மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். டேப்பின் பூஜ்ய முனையைப் பிடித்துக்கொண்டு பதினோரு இடத்திலும் நின்றவன் நான். பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் நான் பெருங்களத்தூர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பக்கமிருந்து வருகிற பஸ்தான் எனக்கு. வெகுநேரம் வரவில்லை.